குனியாத மருமகள்

பிஷ்கெக்
ஜூன் 9

மதிப்பிற்குரிய சம்பந்தி ஒரோசாலி அவர்களுக்கு,

தொலைபேசியில் சொல்ல வேண்டியதை ஏன் எழுதுகிறேன் என்று நீங்கள் கேட்கலாம். நீங்கள் மேய்ச்சல்வெளிக்கு ஏறிய பிறகு அங்கே சிக்னல் கிடைப்பதில்லை என்பது ஒரு காரணம். சிக்னல் கிடைத்த நாட்களிலும் நான் பேசத் தொடங்கியதும் நீங்கள் சிரித்துவிடுகிறீர்கள் என்பது மற்றொன்று. காகிதத்தைப் பார்த்து நீங்கள் சிரித்தால் எனக்குக் கேட்காது. மினிபஸ் ஓட்டும் மிர்லான் இதை உங்களிடம் சேர்ப்பார்.

சென்ற வெள்ளியன்று சம்பந்தியம்மா ஜுமாகான் என் வீட்டிற்கு வந்தார்கள். வந்தவர்கள் மேல்மாடிக்கு ஏறாமல் நேரே கீழ்த்தளத்தில் இருக்கும் என் சிகிச்சை அறைக்குள் நுழைந்தார்கள். என் மகளும் உங்கள் மருமகளுமான பெகாயிம் அப்போது பயிற்சிக்கான ஸ்பிரிங் கட்டிலில் மல்லாந்து படுத்து, பாதங்களைப் பட்டைகளில் மாட்டி, கால்களை மெதுவாக நீட்டி மடக்கிக்கொண்டிருந்தாள். சம்பந்தியம்மா வாசலிலேயே நின்று, "அங்க குதிரைப் பால் கறக்க ஆளில்ல, இங்க கான் ராஜாவோட பொண்டாட்டி மாதிரி படுத்துக்கிட்டு காலாட்டிக்கிட்டு இருக்கா" என்றார்கள்.

பெகாயிம் இறங்கி வந்து, கைகளைக் கட்டி, மாமியாருக்கு வணக்கம் செய்தாள். முதுகை வளைக்காமல், நான் கற்பித்திருக்கிறபடி, இடுப்பு மூட்டிலிருந்து குனிந்தாள். "குனியிறதுக்குக்கூட அளவு வச்சிருக்கியாம்மா?" என்று கேட்டார்கள். வழக்கமான வாழ்த்தைச் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பி, "டாக்டர் சம்பந்தி, பொண்ணுக்கு இதைத்தான் சொல்லிக்குடுக்கிறீங்களா?" என்றார்கள். ஆம், சரியாக இதைத்தான் என்றேன். தேநீர் குடிக்காமல் புறப்பட்டுவிட்டார்கள்.

இது அவமரியாதை அல்ல, சிகிச்சை என்பதை உங்களுக்கு எழுத்தில் தெரிவிக்கிறேன். உங்கள் வீட்டுப் பால் கேனைத் தனியாகத் தூக்கியதில் பெகாயிமின் முதுகுத்தண்டு வட்டு ஒன்று பிதுங்கி நரம்பை நசுக்கியது. மார்ச் மாதம் அறுவை சிகிச்சை நடந்தது. அன்று அவளுடைய வலது பாதத்தின் முன்பகுதி ஈரத்துணி போலத் தொங்கியது. இன்று ஒரு விரல் அகலம் எழுகிறது. அந்த ஒரு விரல் அகலத்திற்காக நாங்கள் இருவரும் தினமும் உழைக்கிறோம். நிற்கும்போது உடலின் எடையைத் தாங்காத கால், படுத்த நிலையில் ஒரு ஸ்பிரிங்கின் எதிர்ப்பைத் தாங்கும். இரண்டாவது ஸ்பிரிங்கை எப்போது மாட்டுவது என்று அறிவதே என் தொழில். நகரத்துப் பெண்கள் இடை மெலிவதற்காகச் செய்யும் பிலாட்டீஸும் இதுவும் ஒரே வகைக் கட்டிலில் நடப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. ஆபரேஷன் கத்தியும் வெங்காயம் நறுக்கும் கத்தியும் ஒன்றாகாததைப் போல.

அந்த நரம்பு மறுபடியும் நசுங்கினால் பாதம் திரும்ப எழாமலே போகலாம். ஜூலை மாதம் பால் கறக்க அவள் வந்தாக வேண்டும் என்று மாப்பிள்ளை எர்மெக் செய்தி அனுப்பியிருக்கிறார். வரமாட்டாள். இந்த ஆண்டு முடியும்வரை அவள் என் மேற்பார்வையில் இருப்பாள்.

தங்கள்,
எசென்பெக்


ஆர்பா மேய்ச்சல்வெளி
ஜூன் 17

டாக்டர் சம்பந்திக்கு சலாம்.

கடிதத்தைப் பார்த்தும் சிரித்தேன். உங்களுக்குக் கேட்கவில்லை என்றால் தப்பித்தீர்கள். மிர்லானிடம் ஒரு கேன் குமிஸ் கொடுத்திருக்கிறேன், எங்கள் குதிரைப் பாலைப் புளிக்கவைத்தது. போன தடவை கொடுத்ததில் வழியிலேயே பாதி குறைந்துவிட்டது. இந்த முறை மூடியைக் கம்பியால் கட்டியிருக்கிறேன். அவன் முகத்தைப் பார்த்தால் பல்லாலேயே கம்பியைக் கடித்துவிடுவான் போலிருக்கிறது.

ஜுமாகான் பேசியது தப்பு. சொல்லிவிட்டேன். "நான் என்ன தப்பா சொன்னேன்? படுத்திருந்தா, படுத்திருந்தான்னு சொன்னேன்" என்கிறாள். முப்பத்தைந்து வருடமாக அவளோடு குடும்பம் நடத்துகிறேன். இதற்கு மேல் நீதி கிடைக்காது.

நீங்கள் படித்தவர். நான் குதிரை மேய்ப்பவன். ஆனால் முதுகு எனக்கும் உண்டு. நாற்பது வயதில் குதிரை என்னைக் கீழே போட்டது. அப்போதே ஒரு ஆட்டை அறுத்து, சூடு ஆறாத தோலில் என்னைச் சுற்றி வைத்தார்கள். ஒரு வாரத்தில் சேணத்தில் ஏறினேன். ஸ்பிரிங்கும் இல்லை, பட்டையும் இல்லை. இதை உங்களை மட்டம் தட்டச் சொல்லவில்லை. கொஞ்சம் மட்டம் தட்டவும்தான்.

பால் கறக்க வேண்டாம். மூத்த மருமகள்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் ஆகஸ்ட் கடைசியில் என் அப்பா இறந்து ஒரு வருஷம் நிறைவதற்கான விருந்து இருக்கிறது. அத்-பாஷியிலிருந்தும் நாரினிலிருந்தும் எல்லா உறவும் வரும். குதிரைப் பந்தயம் வைத்திருக்கிறோம். அந்த நாளில் பெரியவர்களின் கூடாரத்தில் சமோவார் பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் ஊற்றுவது கடைசி மருமகள்தான். அவள் இடம் காலியாக இருந்தால் என்ன பேசுவார்கள் என்று உங்களுக்கும் தெரியும். பெண்ணைத் திருப்பி அனுப்பிவிட்டோம் என்பார்கள், இல்லை அவளே போய்விட்டாள் என்பார்கள். இரண்டும் எர்மெக் தலையில் விழும்.

எதையும் தூக்க வேண்டாம். வணக்கம் செய்து, தேநீர் ஊற்றினால் போதும். தேநீர் ஊற்றி யாருக்கும் முதுகு உடைந்ததில்லை.

ஒரோசாலி


பிஷ்கெக்
ஜூலை 2

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

குமிஸ் வந்து சேர்ந்தது. கம்பி அப்படியே இருந்தது. நன்றி.

ஆட்டுத்தோல் வைத்தியம் பற்றி எழுதியிருந்தீர்கள். இளமையில் குடியரசின் மல்யுத்த அணிக்கு மருத்துவனாக இருந்தேன். ஆட்டுத்தோலில் சுற்றப்பட்டு எழுந்து நடந்தவர்களை நானும் பார்த்திருக்கிறேன். சுற்றப்பட்டு எழாதவர்களையும் பார்த்திருக்கிறேன். முதல் வகையினர் கதை சொல்ல விருந்துகளுக்கு வருகிறார்கள். இரண்டாம் வகையினரால் வர முடிவதில்லை. அதனால் உங்கள் கூடாரத்தில் ஒரு பக்கத்துக் கதை மட்டும்தான் கேட்கிறது.

தேநீர் ஊற்றினால் போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் 'போதும்' என்ற சொல்லைப் பற்றி நான் சிறிது எழுத அனுமதியுங்கள். நம்மிடையே கிண்ணத்தை நிறைத்து ஊற்றினால் விருந்தாளியை எழுந்து போகச் சொன்னதாகப் பொருள். ஆகவே மருமகள் இரண்டு வாய்க்கு மேல் ஊற்றுவதில்லை. கிண்ணம் உடனே திரும்பி வருகிறது. மறுபடி ஊற்றுகிறாள். காலை முதல் மாலைவரை உங்கள் ஊர்ப் பெரியவர்கள் அனைவரும் குடிக்கிறார்கள். அவ்வளவு நேரமும் அவள் தரையில் கால்களை ஒரு பக்கமாக மடித்து உட்கார்ந்து, இடுப்பைத் திருகி, வலப்பக்கம் சமோவாருக்கும் இடப்பக்கம் பால் பாத்திரத்திற்குமாக எட்டுகிறாள். முதுகெலும்பின் வட்டைக் கிழிப்பதற்கு ஓர் இயந்திரம் வடிவமைக்கச் சொன்னால், நான் இதைவிடச் சிறந்த ஒன்றை வடிவமைத்திருக்க மாட்டேன். வளைந்த முதுகு, திருகிய இடுப்பு, நீட்டிய கை, ஓய்வின்மை. நீங்கள் இதற்கு மரியாதை என்று பெயர் வைத்திருக்கிறீர்கள்.

நேற்று பெகாயிம் ஒற்றைக் காலில் நின்று தன் எடையைத் தாங்கினாள். பாதம் நடுங்கியது, ஆனால் தாங்கியது. கீழ் விலா எலும்புகள் விரிய மூச்சை இழுத்து, அடிவயிற்றை உள்ளே அணைத்து, முதுகின் இயல்பான வளைவை இழக்காமல் நிற்க அவளுக்கு மூன்று மாதங்கள் ஆயின. இதைப் படிக்கும்போது நீங்கள் கொட்டாவி விடுவீர்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

விருந்திற்கு அவள் வர வேண்டாம் என்பது என் முடிவு.

எசென்பெக்


ஆர்பா மேய்ச்சல்வெளி
ஜூலை 20

டாக்டர் சம்பந்தி,

கொட்டாவி விடவில்லை. மழை பெய்துகொண்டிருந்தது, குதிரைகளைத் தேடிப் போக முடியாமல் இரண்டு தடவை படித்தேன். எர்மெக்கையும் படிக்கச் சொன்னேன். படித்துவிட்டு வெளியே போய் நனைந்துகொண்டு நின்றான். "ஏண்டா?" என்றேன். "அன்னிக்கு அந்தக் கேனை நான் தூக்கியிருக்கணும்பா. மொபைலப் பாத்துக்கிட்டு இருந்துட்டேன்" என்றான்.

அவள் வர வேண்டாம் என்பது உங்கள் முடிவு என்று எழுதியிருக்கிறீர்கள். அவளைக் கேட்டீர்களா? அவளும் எர்மெக்கும் தினமும் பேசுகிறார்கள். அவன் சிக்னலுக்காக மேட்டில் ஏறிப் போகிறான், குதிரை இளைத்துவிட்டது. அவள் வர விரும்புகிறாள் என்கிறான். என் அப்பா கடைசிக் காலத்தில் யார் கையிலும் சாப்பிடவில்லை, அவள் கையில் சாப்பிட்டார். அவருடைய விருந்து இது.

நான் வாக்குக் கொடுக்கிறேன். தரையில் உட்கார வைக்க மாட்டேன். நாற்காலி போடுகிறேன். எந்த நாற்காலி வேண்டுமென்று நீங்களே சொல்லுங்கள், இல்லையென்றால் நீங்களே அனுப்புங்கள். வணக்கத்தை அவள் இஷ்டப்படி செய்யட்டும். இரண்டு மூத்த மருமகள்களும் மாறி மாறி உதவுவார்கள். ஜுமாகானிடம் சொல்லிவிட்டேன். "நாற்காலியில மருமகளா? அடுத்தது என்ன, கண்ணாடி போட்டு பேப்பர் படிப்பாளா?" என்றாள். வாயை மூடு என்றேன். மூடினாள். அது நடந்த தேதியை எங்காவது குறித்துவைக்க வேண்டும்.

என் வாக்கை நான் மீறியதாக யாரும் சொன்னதில்லை.

ஒரோசாலி


பிஷ்கெக்
ஆகஸ்ட் 12

சம்பந்தி அவர்களுக்கு,

அவளைக் கேட்டேன்.

"போறேன்ப்பா" என்றாள். ஏன் என்றேன். "தாத்தா என்னைத்தான் 'மகளே'ன்னு கூப்பிடுவார். மத்த மருமகளையெல்லாம் 'ஏய்'தான். அவருக்கு ஒரு நாள் டீ ஊத்தினா என்னப்பா ஆகும்?" என்ன ஆகும் என்று சொன்னேன். நரம்பின் படத்தை வரைந்தும் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தாள். "நீங்க சொல்றது எல்லாம் சரி. ஆனா எனக்கு முதுகு மட்டும் இல்லப்பா, புருஷன் இருக்கான், வீடு இருக்கு. நாற்காலி குடுக்கிறாங்க இல்ல? உக்காந்து ஊத்திட்டு வந்துடறேன்" என்றாள். நோயாளிகள் பிடிவாதம் பிடிப்பதை நான் அறிவேன். அவர்களை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்த என்னால் முடியும். தாய் இல்லாமல் வளர்ந்த என் ஒரே மகளிடம் அது முடியவில்லை.

வேறு வழியின்றி உங்கள் வாக்கை ஏற்கிறேன். மிர்லானின் வண்டியில் ஒரு நாற்காலி வருகிறது. என் அறையிலிருந்து எடுத்தது. பெகாயிமின் காலளவுக்குப் பார்த்துத் தேர்ந்தது. அதில் உட்காரும்போது அவளுடைய இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயரத்தில் இருக்கும். அப்படி இருக்கும்வரை முதுகு தானாக நிமிர்ந்திருக்கும். சமோவாரை ஒரு பெட்டியின் மேல் வைத்து அவள் கைக்கு நேரே கொண்டுவாருங்கள். அவள் திரும்பக் கூடாது, குனியக் கூடாது. அரை மணிக்கு ஒரு முறை எழுந்து நடக்க வேண்டும்.

உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான்.

எசென்பெக்


அத்-பாஷி
ஆகஸ்ட் 19

டாக்டர் சம்பந்தி,

நாற்காலி வந்தது. நல்ல மரம். பெகாயிமும் வந்தாள். வாசலில் எர்மெக்கைப் பார்த்ததும் இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். நாங்கள் எல்லோரும் திரும்பிக்கொண்டோம்.

நன்றாக நடக்கிறாள். உங்கள் கட்டிலைப் பற்றி நான் பேசியதையெல்லாம் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், ஆட்டுத்தோல் தவிர.

விருந்துக்காக ஊருக்கு இறங்கிவிட்டோம், கூடாரங்கள் எழும்பிவிட்டன. இன்று மதியம் நாற்காலியை உள்ளே வைத்துப் பார்த்தோம். பெரியவர்கள் தரப்பில் ஒரு சின்னச் சங்கடம். நானே சரிசெய்துவிடுகிறேன். உங்கள் மகள் நாற்காலியில்தான் உட்காருவாள். வாக்கு வாக்குதான்.

ஒரோசாலி


பிஷ்கெக்
ஆகஸ்ட் 30

ஒரோசாலி அவர்களுக்கு,

மேற்கு பஸ் நிலையத்தில் மினிபஸ்ஸிற்காகக் காத்திருந்தேன். பயணிகள் மறுபக்கமாக இறங்கினார்கள். என் மகளைப் பார்ப்பதற்கு முன் அவளுடைய ஒலியைக் கேட்டேன். செருப்பின் முனை தார்ச்சாலையில் உரசும் ஒலி. அந்த ஒலியைக் கேட்டு நோயைச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். வண்டியைச் சுற்றிக்கொண்டு அவள் வந்தாள். ஒவ்வோர் அடிக்கும் வலது முழங்காலை மிக உயரத் தூக்கினாள். பாதம் தொங்கியது.

"எப்பலேருந்து?" என்று கேட்டேன்.

"விருந்தன்னிக்குச் சாயங்காலம். சரியாயிடும்னு பாத்தேன். எல்லாரும் அவ்வளவு சந்தோஷமா இருந்தாங்கப்பா."

பிறகு மிர்லான் கூரையிலிருந்து நாற்காலியை இறக்கினார். அதன் நான்கு கால்களும் பாதிக்கு மேல் அறுக்கப்பட்டிருந்தன. அறுத்த முனைகள் உப்புத்தாளால் தேய்க்கப்பட்டு, பெண்ணின் ஆடை மாட்டாதபடி மெழுகு பூசப்பட்டிருந்தன. நாற்காலி சற்றும் ஆடவில்லை. கவனமான வேலை. செய்தவரைப் பாராட்டுகிறேன்.

நான் உங்களுக்கு அனுப்பியது ஒரு நாற்காலி அல்ல. ஓர் உயரம். மரமும் ஆணியும் உங்கள் ஊரிலும் கிடைக்கும். முழங்கால் இடுப்பைவிட மேலே போனால் முதுகு கூனும், கூனினால் வட்டு பின்னோக்கிப் பிதுங்கும், அதைத் தவிர்க்கவே அந்த உயரம். அதை அறுத்து எறிந்துவிட்டு மீதியில் என் மகளை உட்கார வைத்திருக்கிறீர்கள். தரையில் உட்கார வைத்திருந்தால்கூட இரண்டு பக்கமும் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். அந்தக் குட்டை நாற்காலியில் அதற்கும் வழியில்லை. இனி உங்கள் ஊரில் நாற்காலி என்றுதானே வாக்குக் கொடுத்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். சொல்லுக்குச் சொல் காப்பாற்றியிருக்கிறீர்கள்.

செவ்வாயன்று இரண்டாவது அறுவை சிகிச்சை நடந்தது. பாதம் எழுமா என்று அறுவை மருத்துவரைக் கேட்டேன். என்னுடன் படித்தவர், ஆகவே பொய் சொல்லவில்லை. "எசென்பெக், இந்தக் கேள்விக்குப் பதில் உனக்கே தெரியும்" என்றார். ஆறேழு வாரங்களுக்குள் சிறு அசைவாவது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அவள் வாழ்நாள் முழுவதும் காலில் பட்டி கட்டிக்கொண்டு நடப்பாள். அவளுக்கு இருபத்தாறு வயது.

உங்கள் வீட்டிலிருந்து யாரும் வர வேண்டாம்.

எசென்பெக்


அத்-பாஷி
செப்டம்பர் 8

டாக்டர் சம்பந்தி,

இப்படிக் கூப்பிட அனுமதி இருக்கிறதா தெரியவில்லை. வேறு எப்படிக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை.

ரம்பத்தைப் பிடித்தது நான். எர்மெக் இல்லை, ஜுமாகான் இல்லை. என்ன நடந்தது என்று சொல்கிறேன், தப்பிக்க அல்ல.

நாற்காலியைக் கூடாரத்தில் வைத்தோம். மரியாதைக்குரியவருக்கான இடத்தில், தரையில் என் சித்தப்பா சாகின் உட்கார்ந்திருந்தார். எங்கள் குலத்தில் உயிரோடு இருப்பவர்களில் மூத்தவர். பெகாயிம் நாற்காலியில் உட்கார்ந்ததும் அவள் முழங்கால் அவர் கண்ணுக்கு நேரே வந்தது. அவர் எழுந்துவிட்டார். "ஒரோசாலி, உங்க அப்பன் விருந்துல மருமக என் தலைக்கு மேல உக்காந்து எனக்கு டீ ஊத்துவாளா? அதுக்கு அவளைக் கூரையில ஏத்தி உக்கார வைடா. மேலேருந்து ஊத்தட்டும், நாங்க வாயைத் தொறந்துக்கிட்டு நிக்கிறோம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பெகாயிம் தலையைக் குனிந்துகொண்டாள். "நான் தரையிலயே உக்காந்துக்கறேன் மாமா" என்றாள். கூடாது, உங்க அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றேன். பெரியவரையும் விட முடியாது, வாக்கையும் விட முடியாது. ராத்திரியெல்லாம் யோசித்து, விடியற்காலையில் அறுத்தேன். எவ்வளவு புத்திசாலி என்று என்னையே மெச்சிக்கொண்டேன். இரண்டு பக்கமும் திருப்தி என்று நினைத்தேன். ஒரு முதுகு இருக்கிறது என்று நினைக்கவில்லை.

மதியம் அவள் முகம் வெளுத்திருந்தது. "என்னம்மா?" என்றேன். "ஒண்ணுமில்ல மாமா, சமோவார் சூடு" என்றாள். நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதங்களில் எல்லாம் 'உயரம்', 'வட்டு', 'நரம்பு' என்று இருந்தது. 'ஒரோசாலி, பயமாக இருக்கிறது' என்று ஒரு வரி எழுதியிருந்தால் நான் ரம்பத்தைத் தொட்டிருக்க மாட்டேன். படித்தவர்களின் எழுத்தைப் பார்த்தால் எங்களுக்குச் சண்டை போடத்தான் தோன்றுகிறது. இது என் தப்பைக் குறைக்காது.

ஜுமாகான் மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. நான்காம் நாள் என்னைப் பார்த்து, "ரம்பம் எடுத்தது நானா?" என்றாள். பிறகு அழுதாள்.

யாரும் வர வேண்டாம் என்றீர்கள். நான் வரவில்லை. எர்மெக் வருகிறான். கடைசி மகன் பெற்றவர்களின் வீட்டை விட்டுப் போவது எங்களிடம் கிடையாது. அதுவும் மாமனார் வீட்டில் போய்க் குடியிருப்பவனைக் கல்யாணங்களில் கதவோரத்தில்கூட உட்கார வைக்க மாட்டார்கள். அவன் அண்ணன்கள், "மாமனாருக்கு செருப்பு எடுத்துக் குடுக்கப் போறியா?" என்று கேட்டார்கள். "ஆமா, கேட்டா எடுத்துக் குடுப்பேன்" என்று மூட்டையைக் கட்டினான். இந்தக் குளிர்காலத்தில் குதிரைகளைப் பார்க்க எனக்கு ஆளில்லை. ஊர் முழுக்கச் சிரிக்கும். நான் அவனைப் போகச் சொல்லவில்லை. தடுக்கவும் இல்லை. தடுக்காமல் இருந்ததுதான் என்னால் முடிந்தது.

கதவைச் சாத்துவதென்றால் என் முகத்தில் சாத்துங்கள். அவன் முகத்தில் வேண்டாம்.

ஒரோசாலி


பிஷ்கெக்
அக்டோபர் 14

சம்பந்தி அவர்களுக்கு,

இக்கடிதம் தாமதமானதற்கு வருத்தம் தெரிவிக்கவில்லை. எழுத விரும்பவில்லை, அதனால் எழுதவில்லை.

எர்மெக் வந்தது உங்களுக்குத் தெரியும். உயிருள்ள ஓர் ஆட்டுடன் வந்தார். என் வீடு அடுக்குமாடியில் இருக்கிறது என்பதை அவருக்கு யாரும் நினைவூட்டவில்லை போலும். கதவைச் சாத்தத்தான் எழுந்தேன். ஆடு முதலில் உள்ளே வந்துவிட்டது.

என் சிகிச்சை அறையில் அவர் பெரும்பாலும் இடைஞ்சலாகவே இருக்கிறார். பட்டைகளைச் சேணவார் போல இறுக்குகிறார். அவள் மூச்சை இழுக்கும்போது இவரும் இழுக்கிறார், அறையில் ஒரு குதிரை நிற்பதைப் போல ஓசை வருகிறது. இரண்டாவது முறையாக எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து தொடங்கியிருக்கிறோம். ஏப்ரலில் செய்ததை அக்டோபரில் செய்கிறோம். மல்லாந்து படுத்தல், மூச்சு, விலா, அடிவயிறு. அவள் சலிப்பில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறாள். நான் சலிப்பைக் காட்டிக்கொள்வதில்லை. அதனால் எனக்குக் கழுத்து வலிக்கிறது.

சென்ற வாரம் எர்மெக், "மாமா, குதிரையா இருந்தா இந்நேரம் எழுந்து நடந்திருக்கும்" என்றார்.

"குதிரையாக இருந்திருந்தால் ஒரு வருடம் நீங்கள் யாரும் அதன் முதுகில் சேணம் வைத்திருக்க மாட்டீர்கள்" என்றேன்.

அவர் பட்டையைத் தளர்த்தினார். பெகாயிம்தான், "அப்பா, போதும். அவன்கிட்ட ஏன் கோபத்தைக் காட்டறீங்க? காலைப் புடிங்க" என்றாள்.

பிடித்தேன். நாள்தோறும் அதைத்தான் செய்கிறேன். மிக மெல்லிய ஸ்பிரிங்கை மாட்டி, குதிகாலை என் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "பெருவிரலை மூக்கை நோக்கி இழு" என்கிறேன். அவள் முகம் சிவக்க இழுக்கிறாள். பாதம் என் கையில் அப்படியே கிடக்கிறது. இன்னொரு முறை என்கிறாள். அறுவை மருத்துவர் சொன்ன வாரங்கள் முடிந்துகொண்டிருக்கின்றன. அதை மூவரும் அறிவோம்.

நான் பயமாக இருக்கிறது என்று எழுதவில்லை என்று குறை சொல்லியிருந்தீர்கள். அந்த வரியின் மேல் நான் ஒரு மாதம் கோபமாக இருந்தேன். இப்போதும் இருக்கிறேன். ஆயினும் இனி எழுதப்போவதை அதற்கான பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்று காலை வழக்கம்போல முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பின் வெளிப்புறத்தில் விரலை வைத்திருந்தேன். பாதத்தைத் தூக்கும் தசை அங்கேதான் இருக்கிறது. பாதம் அசைவதற்குப் பல நாட்கள் முன்னதாகவே அந்தத் தசை விழிக்கத் தொடங்கும். அது கண்ணுக்குத் தெரியாது, விரலுக்கு மட்டும் தெரியும். அவள் இழுத்தாள். தோலுக்கு அடியில் ஏதோ ஒன்று, நூல் சுண்டியது போல, என் விரலை ஒரு கணம் தொட்டுவிட்டுப் போனது.

அவளிடம் இன்னொரு முறை இழுக்கச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லி வெளியே வந்துவிட்டேன். ஆசைப்படுகிற மருத்துவனின் விரல் இல்லாததையும் உணரும். ஆகவே அவளிடமும் சொல்லவில்லை, உங்கள் மகனிடமும் சொல்லவில்லை. நாளையும் மறுநாளும் விரல் அதையே சொன்னால் சொல்வேன். அதுவரை இதை வைத்துக்கொண்டு இந்த வீட்டில் நடமாட என்னால் முடியவில்லை, இந்த நகரத்தில் சொல்ல எனக்கு வேறு யாரும் இல்லை.

உங்களுக்குச் சொல்கிறேன். சம்பந்தியம்மாவிடம்கூடச் சொல்லாதீர்கள்.

உங்கள் மீதான கோபத்தில் எதையும் நான் குறைத்துக்கொள்ளவில்லை.

எசென்பெக்